ரவிக்கை விமரிசனம்

நாவல் எழுதுகிறவள் இன்னொருவருடைய நாவலை விமரிசித்தால் பகை வந்து சேரும். சங்கீதத்தைப் பற்றி இரண்டு வார்த்தை எழுதிவிட்டாலோ, "இந்த அம்மாளுக்குத் தைவதம் எது, நிஷாதம் எது என்று தெரியுமா?" என்று கேட்டுக் கடிதம் வரும். ஆகையால் இந்தத் தடவை ரவிக்கையைப் பற்றி எழுதுவதாகத் தீர்மானித்தேன். வாசகர்கள் சிரிக்க வேண்டாம். நான் சொல்வது வீட்டில் உடுத்துகிற சாதாரண ரவிக்கையை அல்ல. மணியும் சமிக்கியும் சரிகைக் கம்பியும் சேர்த்து, ஆரி ஊசியால் கையாலேயே வேலை செய்த கல்யாண ரவிக்கையைச் சொல்கிறேன். பனகல் பூங்காவைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். புடவைக் கடைக்குப் பக்கத்திலேயே 'பிரைடல் ப்ளவுஸ்' என்று பலகை தொங்கும். மயிலாப்பூர்ச் சந்துகளிலும், அடையாற்றில் அடுக்குமாடி வீட்டு வாசல்களிலும் 'ஆரி ஒர்க் கற்றுத் தரப்படும்' என்று அட்டை கட்டியிருக்கிறது.

மார்கழியில் ஒரு வித்வான் நிரவலில் அரைக் கணம் தடுமாறினால் மறுநாளே அதைப் பற்றி யாராவது எழுதிவிடுகிறார்கள். தை பிறந்து கல்யாணங்கள் ஆரம்பித்ததும் மண்டபத்துக்கு மண்டபம் ஐம்பது அறுபது வேலைப்பாட்டு ரவிக்கைகள் நம் கண்முன் போய் வருகின்றன. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருத்தியின் பத்து நாள், இருபது நாள் உழைப்பு இருக்கிறது. அவற்றைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் இரண்டே வாக்கியங்கள். ஒன்று, "ரொம்ப நன்னா இருக்கு!" மற்றொன்று, "எவ்வளவு ஆச்சு?" இரண்டில் மனப்பூர்வமாகக் கேட்கப்படுவது இரண்டாவதுதான்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது. இது நன்றாக வந்திருக்கிறது, இது சரியில்லை, இதில் பாதியை எடுத்துவிட்டால் தேவலை என்று சொல்ல ஆளில்லாத இடத்தில் விலை ஒன்றுதான் அளவுகோலாக நிற்கும். இந்தத் தொழிலில் விலையை நிர்ணயிப்பது எவ்வளவு துணி மூடியிருக்கிறது என்பது. கடைக்காரர் பாஷையில் 'ஹெவி' என்றால் உயர்ந்தது, 'சிம்பிள்' என்றால் மட்டம். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த ஒரு கை, அந்தத் தெரிவுக்காகவே குறைந்த கூலி வாங்குகிறது. வேறு எந்தக் கலையிலாவது இந்த அநியாயம் உண்டா?

பொதுவாகப் பேசிக்கொண்டு போவதைவிட இரண்டு ரவிக்கைகளை எடுத்துக்கொண்டு பார்ப்போம். சென்ற தை மாதம் மயிலாப்பூரில் நடந்த ஒரு கல்யாணத்தில் இரண்டையும் பார்த்தேன்.

முதலாவது, கல்யாணப் பெண்ணுடையது. அரக்குச் சிவப்புப் பட்டு. முதுகு முழுவதும் ஒரு பல்லக்கு. பல்லக்கில் மணப்பெண், முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் தூக்குகிறார்கள். மேலே இரண்டு பக்கமும் மயில். கையில் முழங்கை வரைக்கும் யானை வரிசை. மிச்சமிருந்த இடத்திலெல்லாம் கல்லும் மணியும். முந்தின நாள் இரவு அறையில் கட்டில்மேல் விரித்து வைத்திருந்தபோது எல்லாரும் மூக்கில் விரலை வைத்தார்கள். கையில் எடுத்துப் பார்த்தேன். சின்ன வெண்கலப் பானை கனம் இருந்தது.

மறுநாள் முகூர்த்தத்தில் என்ன ஆயிற்று தெரியுமா? நம் ஊர்க் கல்யாணப் பெண்ணுக்கு நீளப் பின்னல் உண்டு. பின்னல்மேல் பூ ஜடை உண்டு. அது கழுத்திலிருந்து இடுப்பு வரை நட்டநடுவே இறங்கியது. பல்லக்கு முழுவதும் மல்லிகைக்குள் மறைந்து போயிற்று. முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக இரண்டு ஆட்கள் மட்டும், எதைத் தூக்குகிறோம் என்று தெரியாமல், பூவின் இரண்டு ஓரத்திலும் நின்றுகொண்டிருந்தார்கள். இடது பக்கத்து மயிலை முந்தானை விழுங்கிவிட்டது. சரிகை நிறைந்த காஞ்சிபுரம் புடவையின் முந்தானைக்கும் எஞ்சிய மயிலுக்கும் ஓயாத வாய்ச்சண்டை. புடவைக் கரையில் நெய்த அன்னமும் ருத்திராட்சமும் பாவம், கூட்டத்தில் பேச வந்த சாதுவைப்போல வாயடைத்து நின்றன.

இது அணிகிற விதத்தில் வந்த கோளாறு மட்டும் இல்லை. வேலையிலேயே கோளாறு இருந்தது. மணியைக் கொண்டு சித்திரம் எழுதுகிறவர்கள் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஒரு மணியின் பருமனைவிடச் சின்னக் கோட்டை மணியால் போட முடியாது. பல்லக்குப் பெண்ணின் முகம் கட்டைவிரல் நகம் அளவு. அதில் கண்ணுக்கு ஒரு மணி, கண்ணுக்கு ஒரு மணி, வாய்க்கு ஒரு சிவப்பு மணி. வெட்கமா, சந்தோஷமா, தலைவலியா என்று சொல்ல முடியாத முகம். மயிலின் கழுத்துக்குக் குழல்மணி வைத்திருந்தார்கள். குழல்மணி நேரான சாமான். வளைவில் வைத்தால் முழங்கால் மடக்கினதுபோல ஒடிந்து ஒடிந்துதான் போகும். வளைவுக்கு உருண்டைப் பாசிமணி வேண்டும். யானைகளுக்குத் தட்டைச் சமிக்கியை நெருக்கி அடித்திருந்தார்கள். தட்டைச் சமிக்கி ஒரே ஒரு கோணத்தில்தான் பளிச்சென்று அடிக்கும். பெண் அசையாமல் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் யானைகள் தகரமாக இருந்தன.

இரண்டாவது ரவிக்கை, பெண்ணின் அத்தை போட்டுக்கொண்டிருந்தது. மாம்பழ மஞ்சள் பட்டில் அதே மஞ்சளுக்கு அருகான பொன்னிற மணி. கைவிளிம்பில் நெருக்கமாக ஆரம்பித்து, மேலே போகப் போக இடைவெளி அதிகமாகி, தோளருகில் ஒன்றிரண்டு பொட்டாக நின்று போகிறது. விரலிடுக்கிலிருந்து கோலமாவு சிந்தினால் எப்படியோ அப்படி. சமிக்கிகள் தட்டையல்ல, கிண்ணம்போலக் குழிந்தவை. எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தாலும் கொஞ்சம் ஏந்திக்கொள்ளும். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு சிறு மணியை உட்கார்த்தி, நூலை மறுபடியும் அதே துளை வழியே இறக்கியிருந்ததால் மேலே நூல் தெரியவில்லை. கழுத்தைச் சுற்றி ஒரே ஒரு வரிசை சங்கிலித் தையல். அவ்வளவுதான். மூட்டுத் தையல் வரும் இடத்தில் அரை விரல் அகலத்துக்கு மணியே இல்லாமல் விட்டிருந்தது. தையற்காரருடைய மெஷின் ஊசி அந்த வழியாகப் போகும் என்று முன்கூட்டியே யோசித்த கை அது. இப்படி விடாத ரவிக்கைகளில் தையற்காரர் மணிகளைக் குறடால் உடைத்துவிட்டுத்தான் தைக்க வேண்டியிருக்கும்.

அட்சதை போட அந்த அம்மாள் கையைத் தூக்கினாள். மணிக்கட்டுப் பக்கமிருந்து தோள் வரைக்கும் வெளிச்சம் ஒரு தடவை ஓடிப் போயிற்று. கை இறங்கியதும் அணைந்துவிட்டது. அந்த ஓட்டத்துக்கு வழிவிட்டது நடுநடுவே வெறுமையாக விட்ட துணி. யானை வரிசையில் அதற்கு இடமே இல்லை.

யார் செய்தது என்று விசாரித்தேன். மந்தைவெளியில் ஒரு மாடி அறையில் வேலை செய்யும் ஒரு பெண் என்றாள் அத்தை. விலாசம் வாங்கிக்கொண்டு போனேன். போனால், பல்லக்கு ரவிக்கையும் அவள் கையால் செய்ததுதான்! அது ஒரு கடை மூலமாக வந்த வேலை. மஞ்சள் ரவிக்கை நேரே வந்தது. "கடைல போட்டோ அனுப்புவாங்கக்கா. அதுல ஒரு மணி குறைஞ்சாலும் ஏன் குறைஞ்சதுன்னு கேட்பாங்க. இந்தம்மா, உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்யுன்னாங்க" என்றாள். கையில் குற்றமில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரே எழுத்தாளர் ஒரு பத்திரிகைக்கு நல்ல கதையும் இன்னொரு பத்திரிகைக்கு வேறு மாதிரிக் கதையும் எழுதுவதில்லையா, அதுபோல. அந்த விஷயத்தை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

அந்த அறையில் உட்கார்ந்து பார்த்ததைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாலு மரச் சட்டங்களைக் கட்டில்போலப் பூட்டி, நூல் கொண்டு துணியை நாலு பக்கமும் இழுத்துக் கட்டியிருந்தது. விரலால் சுண்டினால் மிருதங்கத்தின் தொப்பிபோல 'தொம்' என்று பேச வேண்டும். பேசாவிட்டால் இன்னும் இழுக்க வேண்டும். படத்தைக் காகிதத்தில் வரைந்து, கோட்டின்மேல் வரிசையாக ஊசியால் துளை போட்டு, துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைப் பஞ்சால் தேய்க்கிறார்கள். காகிதத்தை எடுத்தால் கோலப் புள்ளிபோலப் படம் துணியில் இறங்கியிருக்கிறது.

ஆரி ஊசிக்குக் காது கிடையாது. முனையில் தூண்டில் முள்போல ஒரு குட்டிக் கொக்கி. வலக்கை ஊசியோடு துணிக்கு மேலே. இடக்கை நூலோடு துணிக்கு அடியிலே. இடக்கை செய்வது வேலை செய்கிறவளுக்கே கண்ணுக்குத் தெரியாது. ஊசி குத்தி இறங்கியதும் இடக்கை நூலை அதன்மேல் சுற்றிக் கொடுக்கிறது. ஊசி அரைத் திருப்பம் திரும்பி, நூலைக் கவ்விக்கொண்டு மேலே வருகிறது. திரும்பாமல் வந்தால் கொக்கி துணியைப் பிடித்துக்கொள்ளும். ஒரு வளையத்துக்குள்ளிருந்து அடுத்த வளையம், அதற்குள்ளிருந்து அதற்கடுத்தது, இப்படியே சங்கிலி. மணி வைக்க வேண்டுமானால் ஊசித் தண்டிலேயே நாலைந்து மணிகளை ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு குத்துக்கும் ஒன்றை முனைக்குத் தள்ளி, மேலே வரும் நூலை அதன் துளைக்குள்ளாக இழுக்கிறாள். சுருள் கம்பியாக வரும் சரிகையையும் கத்தரியால் நெல்மணி அளவுக்கு நறுக்கி இப்படித்தான் கோக்கிறார்கள். பேசிக்கொண்டேதான் செய்கிறாள். கண் மட்டும் எழும்புவதில்லை.

சங்கிலித் தையலுக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. கடைசி முடிச்சு சரியாக விழாவிட்டால், அந்த நுனி எதிலாவது மாட்டி இழுபட்டதும் சரசரவென்று வரிசை முழுவதும் அவிழ்ந்துவிடும். ஒரு பந்தியில் என் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த மாமியின் கைவிளிம்பு வளையலில் மாட்டி, மணிகள் அப்படியே இலையில் கொட்டியதைப் பார்த்திருக்கிறேன். பாயசத்தில் முந்திரி எது, மணி எது என்று பார்த்துப் பார்த்துச் சாப்பிட வேண்டியதாயிற்று.

இந்தக் கொக்கி ஊசிக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 'ஆரி' என்றால் குத்தூசி. கச்சு தேசத்தில் தோல் தைப்பவர்கள் தங்கள் குத்தூசியைப் பட்டுக்குக் கொண்டு வந்தார்கள். அரசர் வீட்டுத் துணிகளில் அவர்கள் செய்த வேலைக்கு அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது. 18-ஆம் நூற்றாண்டில் இந்த மாதிரிக் கொக்கித் தையல் கிழக்கு நாடுகளிலிருந்து ஐரோப்பாவுக்குப் போயிற்று. இறுக்கிய துணி முரசுபோல இருந்ததால் பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு முரசு என்றே பெயர் வைத்தார்கள். அடுத்த நூற்றாண்டில் பிரான்ஸில் லூனெவில் என்ற ஊர்க்காரர்கள் மணி வேலையைத் தலைகீழாக மாற்றினார்கள். நாம் மணியை ஊசியில் ஏற்றி, நல்ல பக்கத்தைப் பார்த்துச் செய்கிறோம். அவர்கள் மணியை முன்கூட்டியே நூலில் கோத்துத் துணிக்கு அடியில் வைத்து, பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே தைக்கிறார்கள். வேகம் அவர்களுடையது, செய்வதைக் கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்ளும் சௌகரியம் நம்முடையது. மணி எங்கே போதும் என்று முடிவு செய்வதற்கு நம் வழிதான் ஏற்றது. அந்தச் சௌகரியத்தைத்தான் கடைக்காரரின் போட்டோ பிடுங்கிக்கொள்கிறது.

இன்னொரு விசித்திரம். திமோனியே என்ற பிரெஞ்சுத் தையற்காரர் இந்த முரசுத் தையல்காரர்களின் கொக்கியைப் பார்த்துத்தான் ஒரு தையல் இயந்திரம் செய்தார். 1830-ல் காப்புரிமையும் வாங்கினார். பாரிஸில் அவருடைய இயந்திரங்கள் எண்பது, ராணுவ உடுப்புத் தைத்துக்கொண்டிருந்தன. 1831-ல் தையற்காரர்கள் கூட்டமாகப் போய் அவற்றை அடித்து நொறுக்கினார்கள். பிழைப்புப் போய்விடுமே என்ற பயம். அந்தப் பரம்பரையில் வந்த கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் இன்று சமிக்கியைத் தானே ஒவ்வொன்றாக இறக்கித் தைக்கிறது. மந்தைவெளிப் பெண் எந்த இயந்திரத்தையும் உடைக்கப் போகவில்லை. ரவிக்கையின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டி, "இது மெஷின்க்கா, பாருங்க, அடியில ரெண்டாவது நூல் ஓடுது" என்று மட்டும் சொன்னாள். ஆரித் தையலுக்கு ஒரே நூல்தான்.

மணியும் சமிக்கியும்கூடச் சாமானியப்பட்டவை அல்ல. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது ரோமானியக் கலத்து ஓடுகள் பெயர் வாங்கிக்கொண்டன. அதே மண்ணில் கிடைத்த எத்தனையோ கண்ணாடி மணிகளைப் பற்றிப் பாடப் புத்தகம் அதிகம் பேசவில்லை. உருகிய கண்ணாடியைக் குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கிச் செய்த மணிகள் அவை. நம் கடற்கரையிலிருந்து அந்த மாதிரி மணிகள் கீழ்த்திசை நாடுகளுக்கெல்லாம் போயிருக்கின்றன. இன்றைக்கு நம் பாரிமுனைச் சந்தில் நயம் மணி கேட்டால் ஜப்பான் மணியா, செக்கோஸ்லோவாகியா மணியா என்று கேட்கிறார்கள். அந்தத் தேசம் 1993-லேயே இரண்டாகப் பிரிந்துவிட்டதென்று கடைக்காரரிடம் சொன்னேன். மணி ஒன்றாகத்தான் வருகிறது என்றார்.

சமிக்கியின் ஆங்கிலப் பெயர் வெனிஸ் நகரத்துத் தங்க நாணயத்தின் பெயர். அதற்கு மூலம் அரபு மொழியில் நாணய அச்சைக் குறிக்கும் 'சிக்கா'. கம்பெனி காலத்துச் சிக்கா ரூபாயும் அதே குடும்பம். பணத்தை உடம்பில் தைத்துக்கொண்டு காட்டுகிற ஆசையில் பிறந்த வஸ்து என்பதில் சந்தேகமில்லை. 1922-ல் திறந்த தூதன்காமன் கல்லறையிலேயே தங்கத் தகடு தைத்த உடுப்புகள் இருந்தன. பிறகு தங்கம் பித்தளையாயிற்று. 1930-களில் மேல்நாட்டில் ஜெலட்டினால் சமிக்கி செய்தார்கள். எடை இல்லை, ஆனால் நனைந்தாலோ சூடு பட்டாலோ கரைந்துவிடும். நடனமாடிய பெண்ணின் இடுப்பில் ஆடவனின் வியர்த்த கை பட்ட இடத்தில் ஐந்து விரல் அடையாளம் விழுந்ததாக வேடிக்கையாகச் சொல்வார்கள். நம் சித்திரை மாதத்துக்கு அந்தச் சமிக்கி ஒரு நாள்கூடத் தாங்கியிருக்காது. இப்போது எல்லாம் பிளாஸ்டிக்.

சரி, இவ்வளவு பழைய சாமானை எப்படி உபயோகித்தால் அழகு? தூரத்தைப் பொறுத்தது என்பது என் அபிப்பிராயம். சிறுமியாக இருந்தபோது ஆர். எஸ். மனோகர் நாடகம் ஒன்றுக்கு என்னை அழைத்துப் போயிருக்கிறார்கள். 1954-ல் அவர் ஆரம்பித்த நேஷனல் தியேட்டர்ஸ் புராண நாடகங்களுக்கும் காட்சி ஜோடனைக்கும் பேர்போனது. ராஜா வெல்வெட்டும் ஜிகினாவும் மின்ன மேடைக்கு வந்ததும் கடைசி வரிசையிலிருந்த எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த வெல்வெட்டைக் கையெட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்திருந்தால் கண் கூசியிருக்கும். அது குற்றமல்ல, கடைசி வரிசைக்காகச் செய்தது. கறுப்பு வெள்ளைச் சினிமாவிலும் அப்படித்தான்: படத்தில் நிறமே கிடையாது, ஆகவே ராணி ராணியென்று தெரிய அவள் உடுப்பு மின்னியாக வேண்டும். ருக்மிணி தேவி 1936-ல் அடையாற்றில் ஆரம்பித்த கலாக்ஷேத்ராவின் மேடை வேறு வழியில் போயிற்று. அங்கே நெய்த கரைக்கும் நிறத்துக்கும்தான் மதிப்பு. மின்னுகிற வேலையை ஆடுகிற உடம்பே செய்ய வேண்டும். இரண்டு மேடைக்கும் அதனதன் நியாயம் இருக்கிறது.

கல்யாண ரவிக்கையைப் பார்க்கிறவர் நாலடி தூரத்தில் இருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து சந்தனம் பூசுகிறார், பந்தியில் எதிரே சாப்பிடுகிறார். அந்த நாலடிக்கு ஏற்ற வேலை அத்தையின் மஞ்சள் ரவிக்கை. ஆனால் இன்று நம் ரவிக்கைகள் மனிதக் கண்ணுக்காகச் செய்யப்படுவதில்லை. டெலிபோன் காமிராவுக்காகச் செய்யப்படுகின்றன. காமிராவின் வெளிச்சம் நேரே வந்து அடிப்பதால் அங்குமிங்கும் தூவிய மணி படத்தில் தூசிமாதிரி விழுகிறது. நெருக்கி அடித்தது மட்டும் 'ரிச்'சாகத் தெரிகிறது. அந்தப் படத்தைப் பார்த்து அடுத்த பெண் ஆர்டர் கொடுக்கிறாள். பல்லக்கு முழுவதும் தெரிந்த ஒரே நேரம், ஜடை கட்டுவதற்கு முன்னால் பெண்ணைத் திருப்பி நிற்கவைத்துப் போட்டோ எடுத்த அந்த இரண்டு நிமிஷம்தான்.

இந்த நிரப்புகிற மோகத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பல்லக்கு ரவிக்கைக்குக் கடையில் வாங்கிய தொகை கல்யாண வீட்டில் எல்லாருக்கும் தெரியும், பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். செய்தவளுக்கு வந்தது எவ்வளவு என்று கேட்டேன். மூன்றில் ஒரு பங்கை எட்டவில்லை. அதில் மணியும் நூலும் அவள் செலவு, கூட உட்கார்ந்து செய்த இரண்டு பெண்களின் கூலியும் அவள் பொறுப்பு. முதுகும் கழுத்தும் ராத்திரியில் வலிக்கும் என்றாள். கறுப்புத் துணியில் கறுப்பு மணி வைக்கும் வேலையை விளக்கு வெளிச்சத்தில் அவள் ஒப்புக்கொள்வதில்லை. நாற்பது வயதுக்குமேல் இந்தத் தொழிலில் கண் தாங்காது என்பது அவள் கணக்கு. அவளுக்கு இப்போது முப்பத்தாறு. மும்பாயில் பாரிஸ் நிறுவனங்களுக்காக இதே வேலை செய்யும் கூடங்களின் பத்திரத்துக்காக, அந்த நிறுவனங்கள் சில 2016-ல் 'உத்தான்' என்று ஓர் உடன்படிக்கை செய்தன. நம் மாடி அறைகளுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. துணியை மூடிய அளவுக்கே கூலி என்று இருக்கும்வரை, அவளுக்குக் கண் இருக்கிற நாலு வருஷத்துக்குள் எவ்வளவு துணியை மூட முடியுமோ அவ்வளவையும் மூடத்தான் பார்ப்பாள்.

பாரிஸ் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அங்கே லெசாஜ் என்று ஒரு பூத்தையல் குடும்பம். 1924-ல் ஒரு பழைய பட்டறையை வாங்கித் தொழிலை ஆரம்பித்தவர்கள். அந்தக் குடும்பத்துப் பேரன் ழான் பிரான்ஸுவா லெசாஜ், 1993-ல் நம் சென்னையில் 'வஸ்த்ரகலா' என்ற பட்டறையைத் தொடங்கினார். நம் ஊர்க் கைகள்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை நமக்குப் பெருமைதான். ஆனால் எனக்குப் பொறாமையாக இருப்பது வேறு விஷயம். பாரிஸில் அந்தக் குடும்பத்தின் பெயரைத் தாங்கிய பட்டறை பல்லாயிரம் மாதிரித் துண்டுகளைப் பெட்டி பெட்டியாகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. போன தலைமுறை ஒரு சமிக்கியை எப்படிச் சாய்த்து வைத்தது என்று இந்தத் தலைமுறை எடுத்துப் பார்க்கலாம். பார்த்தால்தானே ஒப்பிட முடியும்? ஒப்பிட்டால்தானே ஒரு அபிப்பிராயம் உண்டாகும்?

நம்மிடம் இருந்த பழைய வேலையெல்லாம் எங்கே? ஆற்காட்டு நவாபுகள் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு வந்த 1768-லிருந்து பார்த்தாலும் இந்த ஊரில் வெல்வெட்டுக்கும் சரிகைக்கும் பஞ்சமில்லை. போன வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான். "பழைய பட்டுப்புடவை, பழைய சரிகை!" என்று மாட வீதியில் கூவிக்கொண்டு வருகிறவரை என் பாட்டி திண்ணைக்குக் கூப்பிடுவாள். நல்ல சரிகை என்பது வெள்ளிக் கம்பிமேல் தங்க முலாம். துணியை எரித்தால் வெள்ளி மிஞ்சும். பாட்டி எடை போட்டுக் காசு வாங்கிக்கொள்வாள். வெள்ளி மிஞ்சிற்று, யார் எப்படித் தைத்தார்கள் என்பது புகையாய்ப் போயிற்று. பிளாஸ்டிக் சமிக்கியை எரித்தால் எதுவும் மிஞ்சாது என்பதால் இன்றைய ரவிக்கைகளாவது பிழைத்துக் கிடக்குமோ என்னவோ. ஒரு கல்யாணத்துக்குமேல் அவற்றைப் போட்டுக்கொள்ள முடியாது. துவைக்க முடியாது, பெரிதாக்க முடியாது. பீரோவின் அடித்தட்டில்தான் இருக்கும்.

மந்தைவெளி அறையில் சுவரோரமாக ஒரு கொடியில் மாதிரி ரவிக்கைகள் தொங்குகின்றன. எல்லாம் அவள் கடைகளுக்குச் செய்த வேலைகளின் நகல்கள்: யானை, பல்லக்கு, ராதாகிருஷ்ணன். கோடியில் பாசிப்பச்சைப் பட்டில் ஒரு கை மட்டும் தனியாகத் தொங்கியது. விளிம்பில் மூன்று வரிசை மணி. அதற்குமேல் சமிக்கிகள், ஒன்றன்மேல் ஒன்று மீன் செதில்போல, எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து, ஒரு மாவிலை அகலத்துக்கு வந்து சட்டென்று நின்றிருந்தன. மற்றதெல்லாம் வெறும் பச்சை. யாருக்காக என்று கேட்டேன். "யாருக்கும் இல்லக்கா. நானா செஞ்சு பார்த்தேன்" என்றாள். வருகிற பெண்கள் முதலில் அதைத்தான் கையில் எடுக்கிறார்களாம். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது என்கிறார்களாம். பிறகு அதைக் கொடியில் போட்டுவிட்டு, யானை வைத்ததற்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் போகிறார்களாம்.